பதினொரு பக்க ரெண்டு ரூபாய்: குமரி மாவட்டத்தில் ஐந்து நாள்

ஜூன் 13, வெள்ளி. கன்னியாகுமரி

திருச்சியில் ரயில் ஏறும்போது முதுகெல்லாம் வியர்வை. காலையில் கன்னியாகுமரியில் இறங்கினால் தூறல், கூடவே ஆளைத் தள்ளுகிற காற்று. அத்தைக்காக எடுத்து வந்த சால்வை பெட்டியின் அடியில் கிடந்தது. பிளாட்பாரத்திலேயே பெட்டியைக் கவிழ்த்துத் தேட வேண்டியதாயிற்று.

அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. முக்கடலில் ஒரு முழுக்குப் போட வேண்டும், கண்ணாடிப் பாலத்தில் நடக்க வேண்டும், இந்த இரண்டும்தான் அவருடைய ஆசை. என்னுடைய ஆசை வேறு. உறையூரில் எங்கள் மளிகைக்கடைக் கல்லாவில் நான் உட்கார ஆரம்பித்து 22 வருஷம் ஆகிறது. கைக்கு வருகிற காசைத் திருப்பிப் பார்க்காமல் பெட்டியில் போட்டதே இல்லை. நினைவு நாணயம், வெளிநாட்டில் அடித்து வந்த ரூபாய், அச்சு நகர்ந்த காசு என்று வாரத்துக்கு ஒன்றாவது முன்பெல்லாம் அகப்படும். இப்போது கடைக்கு வருகிறவர்கள் போனை நீட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். போன மாதம் முழுக்க ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதனால் இந்த ஐந்து நாளும் எல்லாம் ரொக்கம்தான் என்று முடிவு செய்து, நூறும் ஐம்பதுமாக நோட்டு மாற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"ஊர் பார்க்க வந்தியா, காசு பார்க்க வந்தியாடி?" என்றார் அத்தை.

"ரெண்டுக்கும்தான் அத்தை."

முழுக்கு நடந்தது. பாலம் நடக்கவில்லை. கடல் சீற்றமாக இருக்கிறது, படகு விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளத்துக்குக் கட்டி, 2024 டிசம்பர் 30 அன்று திறந்த அந்தப் பாலம், கரையிலிருந்து பார்த்தால் மழைக்குள் இழுத்த வெள்ளைக்கோடு மாதிரி தெரிந்தது. அத்தை ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வள்ளுவரின் இடுப்புக்கு மேலே மேகம்.

சரி, கரையில் இருப்பதையாவது பார்ப்போம் என்று காந்தி மண்டபம், காமராஜர் மணிமண்டபம் இரண்டுக்கும் போனோம். அங்கே நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கரையில் நினைவிடமோ சிலையோ உள்ள நான்கு பேருமே நம் நாட்டுக் காசில் இருக்கிறார்கள். காந்திக்கு நூற்றாண்டையொட்டி 1969-ல் காசு வந்தது. அதில் பித்தளை நிற இருபது பைசா ஒன்று அப்பா காலத்துக் கல்லாவிலிருந்து என்னிடம் இருக்கிறது. காமராஜர் நூற்றாண்டுக்கு 2003-ல் ஐந்து ரூபாய். விவேகானந்தரின் 150-ஆம் ஆண்டுக்கு 2013-ல் இன்னோர் ஐந்து ரூபாய். இரண்டும் என் கல்லாவுக்கே வந்தவை. வள்ளுவர் மட்டும் வரவில்லை. 1995 ஜனவரியில் தஞ்சாவூரில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது வள்ளுவர் உருவத்தோடு காசு வெளியிட்டார்கள். தஞ்சாவூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். இருந்தும் 22 வருஷத்தில் ஒருமுறைகூட அது என் கையில் விழவில்லை.

கடற்கரைச் சாலையில் சங்கு, பாசிமாலையோடு பழைய காசு பரப்பி வைத்திருந்தவர் கூப்பிட்டார். ராமர் பட்டாபிஷேகம் ஒரு பக்கம், கிழக்கிந்தியக் கம்பெனி, 1818 என்று மறுபக்கம் போட்ட தடிமனான செப்புக்காசை எடுத்துக் காட்டி 500 ரூபாய் என்றார். கம்பெனி இப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. இது பிற்பாடு யாரோ வார்த்து விற்கிற வில்லை. அவரிடம் அதைச் சொன்னேன். கோபப்படவில்லை. "எனக்குத் தந்தவன் அப்படித்தாம்மா சொன்னான்" என்றார். பக்கத்தில் நல்ல காசுகளும் இருந்தன, ஆனாலும் நான் வாங்கவில்லை. விலை கொடுத்தால் எந்தக் காசும் வந்துவிடும். ரெண்டு ரூபாய்க் காசு ரெண்டு ரூபாய்க்கே, மிச்சச் சில்லறையோடு சில்லறையாக, இன்னொருவர் கையிலிருந்து நேராக என் உள்ளங்கைக்கு வர வேண்டும். அந்த நொடியில் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளும் பாருங்கள், அதற்காகத்தான் நான் காசு பார்க்கிறேன்.

மதியச் சாப்பாடு 120 ரூபாய். பரவாயில்லை. சாப்பிட்ட இடத்தில் பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுத்துவிட்டார்கள். செல்லாது என்ற வதந்தி எப்போதோ கிளம்பியது, இன்னும் ஓயவில்லை. பத்து ரூபாய் நாணயத்தில் அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே அறிவித்துவிட்டது. சொல்லிப் பார்த்தேன். "எங்ககிட்ட வாங்குறவங்க வாங்கணும்லா" என்றார் கல்லாவில் இருந்தவர். அவர் கஷ்டம் எனக்கும் தெரியும். நோட்டாகவே கொடுத்தேன்.

இன்றைய சில்லறையில் பார்க்கும்படி இருந்தது பளபளவென்ற பன்னிரண்டு பக்க இருபது ரூபாய் ஒன்றுதான்.

ஜூன் 14, சனி. சுசீந்திரம், நாகர்கோவில்

இங்கே ஒரு சிக்கல் உண்டு, நான் யோசிக்கவே இல்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு பேரும் காசே கொடுக்காமல் சுசீந்திரம் போய் இறங்கிவிட்டோம். காசு கொடுக்காவிட்டால் மிச்சம் எப்படி வரும்? சில்லறை புரளுகிற முதல் இடமே நடத்துநர் பைதான். அது எங்களுக்கு மூடிவிட்டது. அத்தைக்கோ ஒரே சந்தோஷம். மாவட்டம் முழுக்க இப்படியே சுற்றிவிடலாமே என்கிறார்.

தாணுமாலயன் கோயிலில் கூட்டம் அதிகமில்லை. மழையில் நனைந்த கல்தரையின் குளிர்ச்சி பாதத்தில் ஏறியது. அத்தை அனுமாருக்கு முன்னால் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். அப்புறம் இசைத்தூணில் காதை வைத்தபடி கொஞ்ச நேரம். நான் வெளியே வந்து, நெய்விளக்கு விற்கிற அம்மாளிடம் ஐம்பது ரூபாய் நீட்டி இரண்டு விளக்கு வாங்கினேன். மீதியை எண்ணெய்க் கையோடு எண்ணி வைத்தார். அதில் ஒரு ரூபாய் ஒன்று மற்றதைவிடப் பெரிதாக, கனமாக இருந்தது. எண்பதுகளில் புழங்கிய ஆறு கிராம் ரூபாய். முந்தானையால் எண்ணெயைத் துடைத்து ஆண்டைப் பார்த்தேன். 1985. அதற்குக் கீழே, நகக்கண் அளவுகூட இல்லாமல், ஆங்கில 'எச்' எழுத்து.

நம் காசில் ஆண்டுக்குக் கீழே ஒரு குறி இருக்கும். நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், டைமண்ட் இருந்தால் மும்பை, புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. அந்தந்த நாணயச்சாலையின் அடையாளம் அது. இந்த 'எச்' நம் ஊர்க் குறி இல்லை. நம் நாணயச்சாலைகளில் அடித்துத் தீராமல் வெளிநாட்டில் கொடுத்து அடித்து வாங்கிய காலம் அது. இங்கிலாந்தில் பர்மிங்காமிலுள்ள ஹீட்டன் நாணயச்சாலை அடித்து அனுப்பிய ரூபாய்க்கு இந்தக் குறி. பர்மிங்காமிலிருந்து கப்பலேறி, நாற்பது வருஷம் எத்தனையோ கைமாறி, சுசீந்திரத்து நெய்விளக்குத் தட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

"நல்ல காசுதானேம்மா? செல்லாதோ?" என்று அந்த அம்மாள் பயந்துவிட்டார். நான் வெகுநேரம் உற்றுப் பார்த்ததால் வந்த பயம்.

"நல்லாவே செல்லும்மா. பழசு, அதான் பார்க்கிறேன்."

"பழசுன்னா வச்சிக்கிடுங்க. எங்க வீட்டு உண்டியலை நேத்து ஒடைச்சேன், அதிலுள்ளதாக்கும்."

பழைய காசு திடீரென்று வெளியே வருவது இப்படித்தான். யாரோ உண்டியலை உடைப்பார்கள். கல்யாணச் செலவு வரும், பாட்டி இறந்து டிரங்குப் பெட்டியைத் திறப்பார்கள். பத்து வருஷம், இருபது வருஷம் தூங்கிய காசு அன்றைக்குக் கடைத்தெருவுக்கு வரும்.

அத்தைக்கு நான்கு குறிகளையும் காட்டிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இம்மாத்துண்டு நட்சத்திரத்தை எவன் செதுக்குறானோ" என்றார்.

சாயங்காலம் நாகர்கோவிலில் ரசவடை. தட்டில் ரசம் தளும்ப, வடை ஊறி உடையும் பதத்தில் இருந்தது. ஒன்று 15 ரூபாய். அத்தை மூன்று சாப்பிட்டார். வாழைக்குலைகள் தொங்கிய கடை ஒன்றில் மட்டிப்பழம் கிலோ 90 ரூபாய்க்கு வாங்கினோம். விரல் நீளம்தான் இருக்கும், அறை முழுக்க மணக்கிறது. 2007-க்குப் பிறகு வந்த, கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் நாட்டிய முத்திரை ரூபாய் இரண்டு கிடைத்தது. அது எங்கும் கிடைப்பதுதான்.

ஜூன் 15, ஞாயிறு. குளச்சல்

தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை பார்த்து மீன் சாப்பிடக் குளச்சலுக்கு வந்துவிட்டோம். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. போதாததற்கு ஞாயிறு, கடலுக்குப் போகாமல் கோயிலுக்குப் போகிற நாள். துறைமுகத்தில் படகுகளை நெருக்கமாகக் கட்டி வைத்திருந்தார்கள். அலை அடிக்கும்போதெல்லாம் ஒன்றோடொன்று உரசி முனகின. 1741-ல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததற்கு நட்ட வெற்றித்தூணை மழையில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, அதே வேகத்தில் ஒரு சாயாக்கடைக்குள் நுழைந்தோம்.

மரச்சீனிக் கிழங்கும் நேற்று வைத்த மீன்கறியும் இருந்தது. ஒரு தட்டு 70 ரூபாய். தேங்காய் அரைத்து, புளி தூக்கலாக, ஒரு நாள் ஊறிய சாளைக் குழம்பு. கிழங்கை மசித்து அந்தக் குழம்பில் புரட்டி எடுத்தால் கை தானாக வாய்க்குப் போகிறது. மீன் வரத்தில்லாத நேரத்திலும் இப்படிப் போட முடிகிறதே என்று கேட்டேன். "வள்ளத்துக்காரங்க கொஞ்சம் கொண்டாருவாங்க. ஆனா வெலை கூடுதலாக்கும்" என்றார் கடைக்காரர்.

அவர் கொடுத்த மீதியில் ஒரு ரூபாய் மாதிரி ஒன்று. விரலுக்கு அளவு சரியாகத்தான் இருந்தது. திருப்பினால் சிங்கத்துக்குப் பதிலாக மூக்கு நீண்ட காப்பிக் கூஜா! அமீரகத்து ஒரு திர்ஹம். கடைக்காரரிடம் நீட்டினேன். முகம் சிவந்துவிட்டது அவருக்கு.

"அய்யோ, இது எம் மவன் லீவுக்கு வந்தப்போ மேசையில போட்டதாயிருக்கும். துபாயிலயாக்கும் வேலை. நீங்க தப்பா நெனச்சிராதீங்க." இன்னொரு ரூபாயை எடுத்து மேசையில் வைத்தார்.

"அண்ணே, இது ரூபாயைவிடப் பல மடங்கு மதிப்பு. நீங்களே வச்சுக்குங்க."

"இங்க ஆரு வாங்குவா அதை? மவன் வந்தா நூறு தருவான். நீங்க கொண்டு போங்க."

மகனுடைய காசு, எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன். வாசல் வரை வந்து குடை பிடித்து வழியனுப்பினார்.

பஸ் நிறுத்தத்தில் பிளாஸ்டிக் தாளைக் கூரையாகக் கட்டி, ஒரு பாட்டி சக்கைச் சுளை விற்றுக்கொண்டிருந்தார். நம் ஊர்ப் பலாப்பழத்துக்கு இங்கே சக்கை என்றுதான் பேர். ஒரு பொட்டலம் 30 ரூபாய். ஐம்பதைக் கொடுத்தேன். இடுப்பிலிருந்து துணிச்சுருக்கை அவிழ்த்து ஒரு பத்து ரூபாய் நோட்டும் நாலைந்து காசும் எண்ணி என் கையில் வைத்தார். சுளையின் பிசின் ஒட்டிய விரல், காசும் பிசுபிசுத்தது.

கண் பார்ப்பதற்கு முன்னால் விரல் கண்டுபிடித்துவிட்டது. வட்டம் இல்லை. ஓரத்தில் தடவினால் மூலை மூலையாகத் தட்டுப்பட்டது. பதினொரு பக்க ரெண்டு ரூபாய், 1992 முதல் 2004 வரை அடித்தது. வழக்கமாக இதில் இந்திய வரைபடமும் கொடியும் இருக்கும், தேசிய ஒருமைப்பாடு என்று எழுதியிருக்கும். அதுதான் என்று நினைத்துத் திருப்பினேன்.

வரைபடம் இல்லை. ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

மழைத்துளி ஒன்று அவர் மேலேயே விழுந்தது. கட்டைவிரலால் துடைத்தேன். தாடி தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. கொண்டை தெரிந்தது. மடித்த முழங்கால் மட்டும் இன்னும் மேடாக, விரலில் தட்டுப்பட்டது. ஓரத்து எழுத்துகளில் 'கான்பரன்ஸ்' பாதி தேய்ந்திருந்தது, 'திருவள்ளுவர்' முழுசாக இருந்தது. கடலில் 38 அடி பீடத்தின் மேல் 95 அடி உயரத்துக்கு நிற்கிறவர், இங்கே என் உள்ளங்கையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கை நடுங்கியது. உண்மையாகவே நடுங்கியது.

"அத்தை! அத்தை, வள்ளுவர்!"

"எங்கடி?" என்று அத்தை கடல் பக்கம் திரும்பினார்.

பாட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. "காசு ஒடைஞ்சிருக்கா மக்ளே? மாத்தித் தரட்டா?" என்றார். வேண்டாம் என்று அவசரமாகச் சொல்லி, காசை அவரிடம் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இவரு பாறையில நிக்கிறவரில்லா" என்றார். எத்தனை வருஷம் அந்தச் சுருக்கில் இருந்தது என்று அவருக்கு நினைவில்லை.

இது பெரிய விலை போகிற காசு ஒன்றும் இல்லை. பழைய காசு லட்சத்துக்குப் போகும் என்று காணொளி போடுகிறவர்களை நம்பிப் பணத்தை இழந்தவர்கள் நிறைய. தன் பெயரைச் சொல்லிப் பழைய காசு வாங்குவதாக ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்தது. எனக்கு விலை கணக்கே இல்லை. 22 வருஷம் காத்திருந்த காசு, சக்கைப் பிசினோடு வந்துவிட்டது. அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து மழை கொட்ட ஆரம்பித்தது, பஸ்ஸும் வந்துவிட்டது. ஒரு கையில் குடை, ஒரு கையில் பொட்டலம். "நீங்க வச்சிருங்க அத்தை" என்று காசை அவரிடம் கொடுத்தேன். அவர் தன் சுருக்குப்பையில் போட்டு முடிந்துகொண்டார்.

ஜூன் 16, திங்கள். தக்கலை

பத்மநாபபுரம் அரண்மனை திங்கட்கிழமை திறக்காது. நான் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. பஸ் நிலையத்தில் இறங்கி, அத்தை கழிப்பறைக்குப் போய்வந்து, ஆட்டோ பிடித்து வாசல் வரை போன பிறகுதான் பூட்டிய கதவைப் பார்த்தோம்.

எதிரே சாயா குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டி, எண்பதைத் தாண்டியவர், "நாளைக்கு வாங்க, எட்டு நாள் பார்த்தாலும் தீராது" என்றார். பேச்சு எப்படியோ காசுக்கு வந்தது. நான்தான் கொண்டுவந்திருப்பேன். இந்தப் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தது இல்லையா, இங்கே முன்பு புழங்கியது ரூபாய், அணா, பைசா கணக்கு இல்லை. தன் அப்பா சொல்லிக் கொடுத்த வாய்ப்பாட்டைப் பெரியவர் தட்டுத் தடங்கல் இல்லாமல் சொன்னார்.

"பதினாறு காசு ஒரு சக்கரம். நாலு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம் ஒரு ரூவா. அப்போ ரூவாய்க்கு எத்தனை சக்கரம்?"

"இருபத்தெட்டு" என்றேன்.

"ஆங். ஆனா பிரிட்டீஷ் ரூவாய்க்கு அரைச் சக்கரம் கூடுதல் குடுக்கணும், இருபத்தெட்டரை. எங்க வீட்டுல இப்பவும் கையில சக்கரம் இருக்கான்னுதான் கேப்பாங்க."

வெள்ளிச் சக்கரம் மிளகளவுக்குச் சற்றுப் பெரிதாக இருக்கும். கையால் எண்ணினால் உருண்டு ஓடிவிடும். அதனால் சக்கரப் பலகை என்று ஒன்று வைத்திருந்தார்கள். மரப்பலகையில் வரிசையாகக் குழிகள். ஒரு கைப்பிடி சக்கரத்தை மேலே வீசி ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துவிடும், மிச்சத்தை வழித்துத் தள்ளிவிடுவார்கள். குழி நிரம்பினால் எண்ணிக்கை முடிந்தது. கல்லாவில் உட்கார்கிற எனக்கு அந்தப் பலகையை நினைத்தாலே கை பரபரக்கிறது.

அவ்வளவு ஆசையாகச் சொன்னவருக்கு என் வள்ளுவரைக் காட்டாமல் எப்படி இருப்பது? "அத்தை, அந்தக் காசைக் கொடுங்க."

அத்தை சுருக்கை அவிழ்த்தார். உள்ளே விரலை விட்டார். எல்லாவற்றையும் மடியில் கொட்டினார். அவர் முகம் மாறியதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"அஞ்சு ரூவா கேட்டாடி அந்தப் பொம்பளை. ரெண்டு ரெண்டு ரூவாயும் ஒரு ரூவாயும் எடுத்துக் குடுத்தேன். கண்ணாடி போடலியே நான்."

பெரியவர் எழுந்து நின்று அவரே ஒரு ஆட்டோவை நிறுத்தினார். திரும்பப் போக 60 ரூபாய். வழியெல்லாம் அத்தை ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. கோபம் இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

கழிப்பறை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, சலித்துக்கொள்ளவும் இல்லை. ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நாளிதழ் ஒன்றை விரித்துத் தகர டப்பாவை அப்படியே கவிழ்த்துவிட்டார். "வள்ளுவர் படமா? ரெண்டு ரூவாயில? சரி, பாப்போம்."

நானும் வேகமாக எண்ணுகிறவள்தான். அவர் வேகம் வேறு. உள்ளங்கையால் குவியலை ஒருமுறை பரப்பினார், ஒன்று, ரெண்டு, அஞ்சு என்று நான்கு விரலால் இழுத்துத் தனித்தனி வரிசையாக ஆக்கினார். காலையில் கேட்ட சக்கரப் பலகை கண்முன்னால் ஆடுவது போல இருந்தது. இடையில் ஆள் வர வர, காசை வாங்கித் தனியாக வைத்தார். உப்புக்காற்றில் பழுப்பேறிய ரூபாய்கள், மை ஒட்டியவை, ஆணி அடித்துத் துளைத்தது ஒன்று. ரெண்டு ரூபாய் வரிசையில் பதினொரு பக்கக் காசு மூன்று இருந்தது. மூன்றையும் திருப்பினேன். மூன்றிலும் வரைபடம்.

குவியலின் அடியில் காண்டாமிருகம் போட்ட 25 பைசா கிடந்தது. 2011 ஜூன் 30-க்குப் பிறகு செல்லாமல் போன காசு. "எவனோ ரூவான்னு ஏமாத்திட்டுப் போயிட்டான்" என்றார். அப்புறம் திடீரென்று நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"எக்கா, அரை மணிக்கு முன்னால அருமனை ஊருக்குப் போற வண்டி கண்டக்டர் வந்து சில்லறை கேட்டாரு. நூறு ரூவாய்க்கு எண்ணிக் குடுத்தேன். ரெண்டு ரூவாயெல்லாம் அதிலதான் கூடுதலாப் போச்சு."

அந்தப் பஸ் போய்விட்டது. இனி வள்ளுவர் அருமனைச் சாலையில் யாருக்கோ மிச்சமாகப் போவார். வாங்குகிறவர் திருப்பிப் பார்ப்பாரா, தெரியாது. எனக்குத் தொண்டை அடைத்தது. ரெண்டு ரூபாய்க்கா அழுகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது. அந்த அக்கா கேட்கவில்லை. டப்பாவுக்குள் காசை வழித்துப் போட்டுவிட்டு, அந்த 25 பைசாவை மட்டும் எடுத்து என் கையில் வைத்தார். "இதையாவது கொண்டு போங்க. எனக்குச் செல்லாது." ஒரு ரூபாய் நீட்டினேன், வாங்கவே இல்லை.

அறைக்குத் திரும்பியதும் அத்தை படுத்துவிட்டார். ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றார். மட்டிப்பழம் இரண்டை உரித்து வாயருகே கொண்டுபோன பிறகுதான் சாப்பிட்டார். "உங்க மேல கோபமில்லை அத்தை" என்றேன். அப்போது அது உண்மையாகவே இருந்தது.

ஜூன் 17, செவ்வாய். பத்மநாபபுரம், நாகர்கோவில்

அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில், நிர்வாகம் கேரள அரசிடம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இதுதான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கறுப்புத் தரையில் கால் வைத்தால் தண்ணீரில் நடப்பது போல முகம் தெரிகிறது. சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் பூசித் தேய்த்த தரை. ஒரு காலத்தில் ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிட்ட ஊட்டுப்புரையில் அத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாக நடந்துபோய்த் திரும்பினார். "பாலத்துல நடக்கலைன்னா என்ன, இங்க நடந்துட்டேன்" என்றார். ஓட்டுக்கூரையில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. நேற்றைய பெரியவரைத் தேடினேன், சாயாக்கடையில் இல்லை.

மத்தியானத்துக்கு மேல் ஒன்றும் பார்க்கவில்லை. நாகர்கோவிலில் முந்திரிக்கொத்து கால் கிலோ வாங்கிக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் ஏறினோம். கிளம்பும் சமயத்தில் வறுகடலை விற்கிற பையன் ஜன்னலோரம் வந்தான். அத்தை நான் பையைத் திறப்பதற்குள் இருபது ரூபாயை நீட்டி ஒரு பொட்டலம் வாங்கினார். மீதியைச் சுருக்குப்பையில் போடவில்லை. கையை இறுக்கி மூடி மடியில் வைத்துக்கொண்டார். பஸ் வடசேரியைத் தாண்டியது, விளக்கை அணைத்துவிட்டார்கள், அப்போதும் கையைத் திறக்கவில்லை.

வழியில் எங்கோ நிறுத்தி, டீ குடிக்கிறவர்களுக்காக விளக்கைப் போட்டார்கள். அத்தை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, உள்ளங்கையை விரித்து என் பக்கம் நீட்டினார். ஒரு அஞ்சு ரூபாய், ரெண்டு ரெண்டு ரூபாய், ஒரு ரூபாய். ஒவ்வொன்றாகத் திருப்பினேன்.

"என்னடி?"

"நாலும் சாதாதான் அத்தை. இது நட்சத்திரம், ஹைதராபாத். இது புள்ளி."

"இதுல ஒண்ணுமில்லையே, கீழ?"

"ஒண்ணுமில்லைன்னா கொல்கத்தா."

"ஓ" என்றார் அத்தை. விளக்கு அணைகிற வரை அந்தக் கொல்கத்தா ரூபாயையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.